எந்த ஊரில் தங்குவது?
குடும்பத்தோடு இரண்டு நாள் ஓய்வுக்குப் போக நினைக்கும் உறுப்பினர்களுக்கு



மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், எங்கள் குழுவும் பக்கத்துக் குழுவும் சேர்ந்து வேன் பிடித்து ஒரு நாள் சுற்றுலா போனோம். களியக்காவிளையில் இருந்து விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். பத்மநாபபுரம் அரண்மனை, உதயகிரிக் கோட்டை, சுசீந்திரம், கன்னியாகுமரி, திரும்பி வரும்போது முட்டம் கடற்கரை என்று திட்டம். வீடு வந்து சேரும்போது ராத்திரி பன்னிரண்டு மணி.

நாலு மணிக்கு வேன் வரும் என்றால் பெண்கள் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். ஒன்றரை மணிக்கு அடுப்பு பற்ற வைத்தோம். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, பிள்ளைகளுக்குத் தனியாகத் தயிர்ச்சோறு, குடிதண்ணிக் குடம், தட்டு, டம்ளர் எல்லாம் வேனில் ஏற்றினோம். போன இடமெல்லாம் பரிமாறினோம். அரண்மனை வாசலில் போய் நின்ற பிறகுதான் அன்றைக்குத் திங்கட்கிழமை, அங்கே திங்கட்கிழமை விடுமுறை என்பது தெரிந்தது. அது எங்கள் தப்பு, முன்கூட்டியே யாரும் கேட்கவில்லை. ராத்திரி வந்து பானை கழுவிப் படுக்கும்போது மணி ஒன்றரை. காலையில் ஏழு மணிக்குப் பாதிப் பேருக்கு அண்டியாபீஸ் வேலை.

அடுத்த வாரக் கூட்டத்தில் ஊக்குநர் கேட்டார்: "எல்லாருக்கும் டூர் பிடிச்சுதா?" பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது, ஆண்களுக்கும் பிடித்தது என்றோம். அப்போது ஒரு அக்கா சொன்னார்: "நான் கன்னியாகுமரியில கடலைப் பாக்கல. சோத்துப் பானைய நாய் தொட்டுராம பாத்துட்டு இருந்தேன்." எல்லாரும் சிரித்தோம். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஏனென்றால் அந்த வேன் வாடகைக்கு நாங்கள் குழுவில் உள்கடன் எடுத்திருந்தோம். ஆறு மாதம் தவணை கட்ட வேண்டியிருந்தது. அந்த அக்காவும் கட்டினார்.

அதற்குப் பிறகு நாங்கள் வேறு மாதிரி யோசித்தோம். ஒரே நாளில் ஏழு இடம் ஓடாமல், ஒரு கிராமத்தில் இரண்டு ராத்திரி தங்கி, அங்கிருந்து பக்கத்தில் உள்ளதை மட்டும் பார்த்து வருவது என்று. அப்படி இதுவரை இரண்டு முறை போய் வந்திருக்கிறோம். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறோம்.

கிராமத்துக்காரிக்கு இன்னொரு கிராமம் எதற்கு?

இந்தக் கேள்வியை முதலில் வீட்டு ஆண்கள்தான் கேட்டார்கள். "நம்ம ஊர்ல இல்லாத தென்னையும் வாழையுமா அங்க இருக்கு?" என்று. நியாயமான கேள்விதான். நம் ஊர் எல்லைப்புறம். லாரியும் பஸ்ஸும் ராத்திரி பகல் என்று இல்லாமல் ஓடுகிற தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு கால் தமிழ்நாட்டிலும் ஒரு கால் கேரளத்திலுமாக நாம் இருக்கிறோம். அதனால் கொஞ்சம் உள்ளே போனால் கிடைக்கிற அமைதி நமக்கும் தேவைதான்.

ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. கூட்டத்தில் ஒரு கணக்கு எடுத்தோம். கல்யாணம் ஆன பிறகு வெளியூரில் ராத்திரி தங்கியது எத்தனை தடவை, எதற்காக என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னோம். பிரசவம், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தது, துக்க வீடு, மகள் பேறுகாலம். இவ்வளவுதான். ஒரு வேலையும் இல்லாமல் வெளியூரில் தூங்கி எழுந்தவர் எங்கள் பதினாலு பேரில் ஒருவர்கூட இல்லை. உங்கள் குழுவிலும் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் முதலில் கேட்பது "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்பதை அல்ல. "அங்கே போனால் பெண்களுக்கு என்ன வேலை இருக்கும்?" என்பதைத்தான். பார்க்க நல்ல இடமாக இருந்தும், குளியலறை சரியில்லை, தண்ணீர் தூரத்தில் இருக்கிறது, சாப்பாடு நாமே பொங்க வேண்டும் என்றால் அது வீட்டு வேலையை வேறு ஊருக்கு மாற்றியது மட்டும்தான்.

போகும் முன் நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை

தங்கும் வீட்டை இரண்டு பேர் முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். இரண்டு பேரும் பெண்களாக இருக்கட்டும். முதல் முறை நாங்கள் ஆண்களை அனுப்பினோம். வீடு நல்லா இருக்கு, காத்து வருது, முற்றம் பெரிசு என்று வந்து சொன்னார்கள். கக்கூஸ் எத்தனை என்று கேட்டதற்குப் பதில் தெரியவில்லை.

பதினைந்து பேருக்கு ஒரு கழிவறை போதாது, இரண்டாவது வேண்டும். முட்டு வலி உள்ள அம்மாக்களுக்கு உட்கார்ந்து எழும்பக்கூடிய கழிவறை ஒன்றாவது வேண்டும். மாதவிலக்கு நாளில் உள்ள பெண்ணுக்குக் குளிக்கத் தாழ்ப்பாள் உள்ள இடமும், துணியோ நாப்கினோ போட ஒரு வழியும் வேண்டும். இதைக் கேட்க வெட்கப்பட்டு, நாள் தள்ளிப்போக மாத்திரை போட்டுக்கொண்டு வருகிற பெண்கள் உண்டு. மாத்திரை போடுவதைவிட வீட்டுக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்பது எளிது.

கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, மோட்டார் இருக்கிறதா, கரண்டு போனால் என்ன வழி என்று கேளுங்கள். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுப்பார்களா என்றும் கேளுங்கள். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் கொசு இருக்கும். மழைக்காலத்தில் பால் எடுக்கிற சிரட்டைகளில் தண்ணீர் தேங்கும், அதில் கொசு முட்டையிடும். கொசுவலை எடுத்துப் போக வேண்டும். ஈரக்காட்டுப் பக்கம் அட்டையும் இருக்கும். ஒரு பொட்டலம் உப்பு கையில் இருந்தால் பயமில்லை.

பஸ் நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2021 மே மாதத்தில் இருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேன் பிடிக்காமல் போகலாம் என்ற எண்ணமே எங்களுக்கு அதனால்தான் வந்தது. பெண்களுக்குப் பஸ் செலவு கிடையாது, ஆண்களுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் மட்டும் டிக்கெட். ஆனால் எல்லா பஸ்ஸும் அப்படி இல்லை, ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லை தாண்டிக் கேரளப் பக்கம் போனால், அந்த அரசு பஸ்ஸில் யார் யாருக்கு டிக்கெட் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தங்கும் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று டிரைவரிடமோ அங்குள்ள சாயாக் கடையிலோ கேட்டு எழுதி வாருங்கள். கடைசி பஸ்ஸை நம்பாமல், அதற்கு முந்தின பஸ்ஸில் திரும்புகிற மாதிரி திட்டம் போடுவது நல்லது.

எங்கள் கூட்டத்தில் மூன்று மதத்தாரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போக நடந்து போகும் தூரத்தில் ஒரு சபை இருக்கிறதா, இறைச்சி வாங்கினால் எல்லாரும் சாப்பிடுகிற மாதிரி வாங்க முடியுமா என்பதையும் கேட்டோம். சிறிய விஷயம்தான், ஆனால் இதைக் கேட்காமல் போனால் ஒரு குடும்பம் ஒதுங்கி நிற்கும்.

எந்தெந்த ஊர்களைப் பார்த்தோம்

நம் மாவட்டத்துக்குள்ளேயே போவது என்று முடிவு செய்தோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒன்றரை மணி நேரத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

திற்பரப்பைத்தான் எல்லாரும் முதலில் சொன்னார்கள். கோதையாறு ஐம்பது அடி உயரத்தில் இருந்து பாறையில் விழுகிற இடம், பக்கத்தில் மகாதேவர் கோவில், பிள்ளைகளுக்குத் தனிக் குளம். ஒரு நாள் போய்வர அருமையான இடம். ஆனால் தங்குவதற்கு எங்களுக்குப் பிடிக்கவில்லை. சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது. அருவியை நம்பியே அங்கே தங்கினால், பேச்சிப்பாறை அணையில் இருந்து உபரி நீர் திறந்துவிடும் நாளில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். பிறகு அறையில் உட்கார்ந்துகொண்டு சண்டைதான் போட வேண்டும்.

பேச்சிப்பாறை கண்ணுக்கு அழகு. திருவிதாங்கூர் காலத்தில் மிஞ்சின் என்ற வெள்ளைக்கார என்ஜினீயர் கட்டிய அணை, 1906-இல் முடிந்தது. அவருடைய கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு இன்றைக்கும் அதன் தண்ணீர்தான். ஆனால் சாயங்காலத்துக்குப் பிறகு பஸ் குறைவு, கடை குறைவு, காடு பக்கம். சிறு பிள்ளைகளோடு ராத்திரி தங்க மனசு வரவில்லை.

தேங்காய்ப்பட்டணம் பக்கம் நமக்குப் பக்கம், மீனும் நன்றாகக் கிடைக்கும். குழித்துறை தாமிரபரணி கடலில் சேருகிற இடம். கடலோர ஊரில் தங்கினால் பிள்ளைகள் இரண்டு நாளும் தண்ணீருக்குள்தான் நிற்பார்கள், அவர்களைப் பார்க்கிற வேலை அம்மாக்களுக்கு வரும். இதைப் பற்றிக் கீழே சொல்கிறோம். சிதறால் அமைதியான ஊர், கடைகள் கொஞ்சம்தான். குலசேகரம் எல்லா வசதியும் உள்ள இடம், ஆனால் சந்தையும் ஆஸ்பத்திரியும் பஸ்ஸுமாக நம்ம மார்த்தாண்டம் மாதிரியே இருக்கும்.

கடைசியில் நாங்கள் தேர்ந்தெடுத்தது திருவட்டாறு பக்கம். பேரூராட்சி என்று பெயர் இருந்தாலும் ரோட்டை விட்டு உள்ளே நடந்தால் தோட்டமும் தோடுமாகக் கிராமம்தான். களியக்காவிளையில் இருந்து மார்த்தாண்டம் போய் வண்டி மாறினால் போதும். பெருமாள் கோவிலைச் சுற்றி மூன்று பக்கமும் ஆறு ஓடுவதால்தான் அந்தப் பெயர். கோதையாறும் பறளியாறும் சேருகிற மூவாற்றுமுகம் பக்கத்தில்தான் இருக்கிறது. மருந்துக்கடை, பால், காய்கறி எல்லாம் நடக்கும் தூரம். முக்கியமாக, எங்கள் பட்டியலில் இருந்த இடங்களில் பெரும்பாலானவை அங்கிருந்து ஒரு பஸ் அல்லது இரண்டு பஸ் தூரம். மாத்தூர் தொட்டிப்பாலம் மூன்று கிலோமீட்டர்தான். திற்பரப்புக்குக் குலசேகரத்தில் மாறிப் போகலாம். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் தக்கலை வழி. இப்படி எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிற ஊர்தான் தங்குவதற்கு நல்லது. பேர் பெற்ற இடத்துக்குள்ளேயே தங்க வேண்டும் என்று இல்லை.

அங்கே இருந்த இரண்டு நாள்

வீடு எப்படிக் கிடைத்தது என்று பலர் கேட்கிறார்கள். விளம்பரம் பார்த்துப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கத்துக் குழுக்களிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லி வைத்தோம். அங்கே ஒரு உறுப்பினருக்கு மகன் வளைகுடாவில் வேலை. மகன் கட்டிய மாடி வீடு பூட்டிக் கிடந்தது. நம் மாவட்டத்தில் இப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் தெருவுக்கு இரண்டு உண்டு. அவர் இரண்டு ராத்திரிக்கு வாடகை சொன்னார். காலைச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும் அவரும் அவர் குழுவில் இன்னொரு சேச்சியும் சேர்ந்து சமைத்துத் தருவதாகப் பேச்சு. ஆளுக்கு இவ்வளவு, பிள்ளைகளுக்குப் பாதி, என்ன குழம்பு, எத்தனை மணிக்கு என்று எல்லாம் முதலிலேயே பேசி எழுதிக்கொண்டோம். முன்பணம் கொடுத்ததற்குத் துண்டுச் சீட்டும் வாங்கினோம். பழகினவர்கள்தானே என்று கணக்கை விட்டால் பிறகு பழக்கம் கெடும்.

ஒன்றை அழுத்திச் சொல்லணும். நம் ஓய்வுக்காக அந்த வீட்டுப் பெண் இரண்டு மடங்கு ஓடக் கூடாது. பதினெட்டு பேருக்குச் சமைத்தால் பதினெட்டு தட்டு. சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவுவது என்றும், பெரிய பாத்திரங்களை எங்கள் வீட்டு ஆண்கள் கழுவுவது என்றும் புறப்படும் முன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அதே பக்கத்தில், இரண்டு நாளும் யாரும் குடிக்கக் கூடாது என்றும் எழுதினோம். ஒரு அண்ணன் முகம் சுருங்கியது, ஆனால் வந்தார். பாத்திரமும் கழுவினார்.

முதல் நாள் காலை, பழக்கத்தில் எல்லாருக்கும் நாலரை மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. எழுந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்தோம். எதிர்த்த தோட்டத்தில் பால்வெட்டுக்காரர்கள் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போவது மட்டும் தெரிந்தது. எங்களில் ஒருவர் பொறுக்க முடியாமல் அடுக்களைக்குள் போய்விட்டார். "நீங்க போயி இருங்கக்கா, சாயா வரும்" என்று வீட்டுக்காரம்மா திருப்பி அனுப்பிவிட்டார். சாயா வந்தது. உட்கார்ந்த இடத்தில் யாரோ கொண்டுவந்து கொடுத்த சாயாவைக் குடித்து எத்தனை வருஷமாச்சு என்று ஒரு அக்கா சொன்னதும் எங்களுக்குத் தொண்டை அடைத்தது.

பார்த்த இடங்களைப் பற்றி அதிகம் எழுதவில்லை, நீங்களே போய்ப் பாருங்கள். மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-இல் கட்டப்பட்டது. பறளியாற்றுக்கு மேலே, 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல் கால்வாய்த் தண்ணீர் ஒரு மலையில் இருந்து இன்னொரு மலைக்குப் போகிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து விவசாயத்துக்காகக் காமராஜர் காலத்தில் திட்டம் போட்டது. தண்ணீர் ஓடும் தொட்டியை ஒட்டி நடந்தே அக்கரைக்குப் போகலாம். சிறு பிள்ளைகளைக் கையைப் பிடித்துத்தான் கூட்டிப் போகணும். தலைசுற்றல் உள்ளவர்கள் கீழே ஆற்றங்கரையில் இருந்து பார்த்தால் போதும்.

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவிலில் 2022 ஜூலையில் கும்பாபிஷேகம் நடந்தது. 418 வருடத்துக்குப் பிறகு நடந்தது என்றார்கள், அப்போது பேப்பரிலும் வந்தது. பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல் வழியாகப் பார்க்க வேண்டும். கோவிலுக்குள் போகாதவர்கள் ஆற்றுப் படியில் காலை நனைத்துக்கொண்டு இருந்தார்கள். அவர்களுக்குத்தான் கூடுதல் ஓய்வு.

சிதறால் மலைக்கு இரண்டாம் முறை போனபோதுதான் போனோம். சமணர்கள் தவம் இருந்த இடம். பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன, ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டும் உண்டு. பிற்காலத்தில் அது பகவதி கோவிலாக ஆனது. ஏறும் பாதை கல் பாவியது. மேலே கடை கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள்.

காலம் எது என்று கேட்டால், மே மாதத்தைவிடக் காலாண்டுத் தேர்வு விடுமுறை நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். மே மாதத்தில் அருவியில் தண்ணீர் குறைந்திருக்கும், வெயிலும் அதிகம். டிசம்பரில் கன்னியாகுமரிப் பக்கம் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். சிவராத்திரி சமயத்தில் சிவாலய ஓட்டம் நடக்கும். முஞ்சிறையில் தொடங்கிப் பன்னிரண்டு கோவில்களுக்கு ஆயிரக்கணக்கானோர் ஓடுகிற வழியில்தான் திற்பரப்பும் திருநந்திக்கரையும் இருக்கின்றன. ஓட்டத்துக்குப் போகிறவர்கள் போகலாம், ஓய்வுக்குப் போகிறவர்கள் அந்த நாளைத் தவிர்க்கலாம்.

தண்ணீர் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம்

இந்தப் பகுதியைக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள்.

2024 மே 6-ஆம் தேதி, நம் மாவட்டத்தில் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். கள்ளக்கடல் என்பது உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாமலேயே, வெகு தூரத்தில் கடலில் அடித்த காற்றால் எழும்பி வருகிற பெரிய அலை. வானம் தெளிவாக இருக்கும், அதனால்தான் ஏமாந்து போகிறோம். மீனவர்கள் வலையை ஒதுக்கி வைத்திருக்கும் நாளில் நாம் கடலில் இறங்கக் கூடாது.

ஆற்றிலும் அப்படித்தான். மணல் அள்ளிய குழிகள் மேலே தெரியாது. முட்டளவு தண்ணீரில் நிற்கிற பிள்ளை அடுத்த அடியில் ஆள் ஆழத்தில் போய்விடும். அணை திறந்தால் தெளிந்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் ஏறிவிடும். எங்கள் முதல் பயணத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வழுக்குப் பாறையில் கால் சறுக்கி விழுந்தான். துணி துவைக்க வந்த உள்ளூர்ப் பெண் ஒருவர் எட்டி அவன் கையைப் பிடித்தார். நாங்கள் அத்தனை பேரும் பத்தடி தூரத்தில் பேசிக்கொண்டு இருந்தோம். அந்த நிமிஷம் இன்றைக்கும் தூக்கத்தில் வருகிறது.

அதற்குப் பிறகு ஒரு ஒழுங்கு வைத்தோம். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் நீச்சல் தெரிந்த இரண்டு பெரியவர்கள் கரையில் நின்று பார்க்க வேண்டும். அவர்கள் போன் பேசக் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றம். அதில் ஒருவர் கட்டாயம் ஆண். குளிக்கும் இடத்தை ஊர்ப் பெண்களிடம் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவர்கள் இறங்காத துறையில் நாமும் இறங்கக் கூடாது. 108 ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் எந்த இடம் என்று சொல்லத் தெரிய வேண்டும். தங்கும் வீட்டின் அடையாளத்தை எல்லாரும், பிள்ளைகளும்கூட, சொல்லிப் பழகுங்கள்.

பணம்

உள்கடன் எடுத்து ஓய்வுக்குப் போவதை நாங்கள் இனி ஒத்துக்கொள்வதில்லை. உள்கடன் ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் தொழிலுக்கும் இருக்கட்டும். வாரச் சேமிப்போடு 20 ரூபாய் தனியாகப் போடுங்கள். ஐம்பது வாரத்தில் ஒரு குடும்பத்துக்கு 1,000 ரூபாய். ஐந்து குடும்பம் சேர்ந்தால் 5,000. இதைக் குழுச் சேமிப்போடு கலக்காமல் தனி நோட்டில் எழுதி வையுங்கள். கஷ்டம் வந்து போக முடியாத உறுப்பினருக்கு அவர் போட்டதை முழுவதும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதையும் முதலிலேயே எழுதுங்கள். வேன் வாடகை இல்லை என்பதால் எங்களுக்கு இரண்டு நாள் செலவு அந்த ஒரு நாள் செலவைவிடக் குறைவாகத்தான் ஆனது.

பணம் யார் கைக்குப் போகிறது என்பதிலும் எங்களுக்கு ஒரு சந்தோஷம். வாடகையும் சாப்பாட்டுக் காசும் நம்மைப் போன்ற ஒரு குழு உறுப்பினருக்குப் போனது. திரும்பும்போது மட்டிப்பழக் குலையும் தேனும் அங்கேயே வாங்கினோம். கன்னியாகுமரி மட்டிப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இதைக் கேட்ட சில உறுப்பினர்கள், "அப்போ நம்ம வீட்டிலயும் ஆள்களத் தங்க வைக்கலாமே" என்றார்கள். வைக்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் குமரகத்தில் 2008-இல் இருந்து, குடும்பஸ்ரீ பெண்கள் விளைவித்த காய்கறியை ஹோட்டல்கள் வாங்குவதற்கு ஏற்பாடு செய்தார்கள். அந்த வேலைக்கு ஐ.நா. சுற்றுலா அமைப்பின் 2013-ஆம் ஆண்டு விருது கிடைத்தது. இத்தாலி நாட்டில் விவசாயிகள் தங்கள் பண்ணை வீட்டில் விருந்தினரைத் தங்க வைத்துச் சொந்த விளைச்சலைப் பரிமாறுவதற்கு 1985-இலேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் சுற்றுலா அலுவலகத்தில் பதிவு பற்றிக் கேளுங்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை விருந்தாளியாக எங்காவது போய்த் தங்கிவிட்டு வாருங்கள். எத்தனை கழிவறை வேண்டும் என்பது அப்போது நன்றாகவே புரியும்.

குழுக் கூட்டத்தில் பேச:

உங்கள் குழுவில் ஒரு வேலையும் இல்லாமல் வெளியூரில் ஒரு ராத்திரியாவது தங்கியவர்கள் எத்தனை பேர்? எதற்காக?

போன சுற்றுலாவில் சமைத்தது யார், பாத்திரம் கழுவியது யார், பிள்ளைகளைப் பார்த்தது யார்? பெயர் சொல்லி எழுதுங்கள்.

உங்கள் ஊருக்கு ஒரு மணி நேரப் பயணத்துக்குள் தங்கக்கூடிய மூன்று கிராமங்களைச் சொல்லுங்கள. அங்கே எந்தக் குழு இருக்கிறது? கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

தங்கும் வீட்டைப் பார்த்துவர எந்த இரண்டு பேர் போவீர்கள்? என்ன என்ன கேட்பீர்கள்?

பாத்திரம் கழுவும் தீர்மானத்தில் உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுவாரா? கேட்டுவிட்டு வந்து அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.